மூன்று இலைச் சோறு

கள்ளக்குறிச்சி அரிசி மில்லில் மூட்டை மேஸ்திரியாக இருந்த பழனியைப் பற்றி, அவரைத் தெரிந்த எல்லோருக்கும் ஒரு குறை உண்டு. எந்தக் கல்யாணத்துக்கு அழைத்தாலும் வருவார். வெள்ளை வேட்டி கட்டி, தலை வாரி, முகூர்த்தத்துக்கு முன்பே வந்து கடைசி வரிசையில் உட்காருவார். மணமக்கள் மேல் அட்சதை போடுவார். பந்திக்கு ஆட்கள் எழும்போது பார்த்தால் ஆள் இருக்கமாட்டார்.

"எங்க தங்கச்சி நிக்காஹுக்கு வந்தாரு. பிரியாணி வாசம் தெருக்கோடி வரைக்கும் அடிக்குது, மனுசன் செருப்ப மாட்டிக்கினு கெளம்பறாரு" என்று உமர் பாரூக் ஒருமுறை என்னிடம் வருத்தப்பட்டார். "நம்ம வூட்டுச் சோறுன்னா எளக்காரமான்னு கேட்டே புட்டேன். 'அய்யோ, அப்படி நெனைக்காதீங்க பாய், எனக்கு விசேஷச் சோறு ஒத்துக்காது'ன்றாரு. மூட்டை தூக்குற ஒடம்புக்கு எந்தச் சோறு சார் ஒத்துக்காது?"

உமர் பாரூக் கடைவீதியில் நோட்டு, பேனா, பாடப்புத்தகங்கள் விற்பவர். ஒரு அலமாரியில் மட்டும் தனக்குப் பிடித்த புத்தகங்களை வைத்திருப்பார். அந்த அலமாரிக்காக நான் இருபது வருஷமாக அந்தக் கடைக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். 1993இல் அந்த அலமாரியின் மேல்தட்டில் ஒரு புதிய புத்தகம் வந்தது. 'நான் வளர்ந்த கூத்து' என்று பெயர். எழுதியவர் பொன்னுரங்கம். அரசு வேலையில் பெரிய பதவியில் இருப்பவர். கல்வராயன் மலையடிவாரத்தில், கச்சிராயபாளையத்துக்கு அந்தப்பக்கம் ஓர் ஊரில், நிலபுலன் உள்ள குடும்பத்தில் பிறந்தவர். தன் சிறுவயது நினைவுகளை இருபத்திரண்டு நகைச்சுவைக் கட்டுரைகளாக எழுதியிருந்தார்.

நம் ஊர்க்காரர் எழுதிய புத்தகம் என்பதால் நன்றாக விற்றது. பஸ்ஸில் படித்துச் சிரித்து, இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டேன் என்று ஒருவர் எழுதினார். மருந்து மாத்திரையில் இறங்காத ரத்தக் கொதிப்பு இந்தப் புத்தகத்தில் இறங்கியது என்று உளுந்தூர்பேட்டை வாசகி ஒருவர் எழுதினார். கடிதங்களையெல்லாம் பொன்னுரங்கம் நகலெடுத்து உமர் பாரூக்குக்கு அனுப்புவார், அவர் அதைக் கடைக் கண்ணாடியில் ஒட்டிவைப்பார். நானும் எழுதினேன். எதையும் சட்டென்று புகழ்கிற பழக்கம் எனக்கு இல்லை. என் கடிதம் மூன்று வரிதான். மூன்றாவது வரி இது: 'சோத்துப் பழனி கட்டுரை மிக நன்று.'

எல்லோருக்கும் பிடித்தது அந்தக் கட்டுரைதான். அதில் வரும் கதை இது. பொன்னுரங்கத்தின் அக்காவுக்குக் கல்யாணம். அம்மாவைப் பெற்ற தாத்தா தியாகதுருகம் பக்கத்து ஊரில் படுக்கையில் கிடக்கிறார். கல்யாணத்தன்று விடியுமுன் அவர் இறந்துபோக, செய்தி சொல்ல அவருடைய பண்ணையாள் பழனியை அனுப்புகிறார்கள். பழனி வருகிறான். கல்யாணச் சமையல் வாசனை மூக்கில் ஏறுகிறது. வந்த வேலையை மறந்து மாட்டுக்கொட்டகையில் உட்கார்ந்து இலை போடச் சொல்கிறான். ஒரு இலை, இரண்டு இலை, மூன்று இலை. பத்து வயதுப் பொன்னுரங்கமே கொண்டுபோய்க் கொடுக்கிறார். மூன்றாவது இலையை வழித்து, ஏப்பம் விட்டு, பிறகுதான் வாயைத் திறக்கிறான்: 'பெரியவரு பூட்டாருங்க.' அம்மா போய்ச் சேர்வதற்குள் தாத்தாவை எரித்துவிட்டார்கள். அம்மா மண்ணை வாரித் தூற்றுகிறாள். அன்றிலிருந்து அவன் பெயர் சோத்துப் பழனி. இதை ஏப்பச் சத்தத்தோடு, பாயசத்தோடு, எட்டுப் பக்கத்துக்குப் பொன்னுரங்கம் எழுதியிருந்தார். நான் இரண்டு இடங்களில் வாய்விட்டுச் சிரித்தேன். அதைச் சொல்லாமல் மேலே எழுதுவது நேர்மையாகாது.

அந்தப் பழனிதான் நம் மேஸ்திரி என்று எங்களுக்குத் தெரியாது. பழனி என்ற பெயர் ஊருக்குப் பத்துப் பேருக்கு இருக்கிறது.

மில்லில் குமாஸ்தா ஒருவர் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அந்தக் கட்டுரையை உரக்கப் படித்திருக்கிறார். மூட்டைக்காரர்கள் எல்லாம் தூக்குச்சட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு கேட்டிருக்கிறார்கள். படித்து முடித்த குமாஸ்தா, "மேஸ்திரி, நீங்ககூட தியாகதுருகம் பக்கம்தான? இந்த ஆளத் தெரியுமா?" என்று கேட்டாராம். பழனி கையிலிருந்த உருண்டையைச் சட்டியிலேயே போட்டு, மூடியைப் போட்டு, எழுந்து போய்விட்டார். சிரித்தவர்களில் சின்னக்கண்ணு என்ற வயதானவருக்குத்தான் முதலில் புரிந்திருக்கிறது. மறுநாள் காலை மில்லுக்குள் நுழையும்போது யாரோ மூட்டைக்குப் பின்னாலிருந்து, "இலை போடட்டுமா மேஸ்திரி?" என்று குரல் கொடுத்திருக்கிறார்கள். முப்பது வருஷத்துக்குப் பிறகு அந்தப் பெயர் மறுபடி அவரைத் தேடி வந்துவிட்டது.

அன்று சாயங்காலம் பழனி கடைக்கு வந்தபோது நானும் அங்கே இருந்தேன். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். மூட்டை சுமந்து கழுத்து ஒரு பக்கம் சாய்ந்திருக்கும்.

"பாய், அந்தப் பொஸ்தகத்துல என்னப் பத்தி இன்னா போட்டிருக்குதுன்னு முழுசாப் படிங்க. ஒரு எழுத்து வுடாம."

உமர் பாரூக்குக்கு அப்போதுதான் விளங்கியது. "வேணாம் பழனிண்ணே. ஏதோ வெளையாட்டுக்கு எழுதியிருக்காரு."

"வெளையாட்டா இருந்தா நானும் சிரிச்சிட்டுப் போறேன். படிங்க."

உமர் பாரூக் படித்தார். கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அவர் படித்துச் சிரிப்புக்காட்டிய அதே பக்கங்கள்தான். அன்று தண்டனைபோல ஒவ்வொரு வரியாக இழுத்துப் படித்தார். பழனி ஒரு இடத்தில் மட்டும் கையைத் தூக்கி நிறுத்தினார். 'அடுப்புப் புகையில் என் கண்ணில் கொட்டிய தண்ணீரே அந்த இலைக்கு உப்பாயிற்று' என்ற இடம். நான் சிரித்த இரண்டு இடங்களில் அது ஒன்று.

"பொகையா? அடுப்பு மூட்டுனது வாசப்பக்கம், பந்தல் ஓரமா. மாட்டுக்கொட்டா பின்னால, மலையப் பாத்தாப்ல. அங்க ஏது பொக? அந்தப் புள்ள அழுதுச்சிங்க."

"ஏன் அழுவுது?" என்று கேட்டேன்.

"தாத்தா செத்தா அழுவாதா?"

பிறகு நடந்ததைச் சொன்னார். நான் குறுக்கே கேட்டவற்றை விட்டுவிட்டு அவர் சொன்னபடி எழுதுகிறேன்.

பெரியவர் மூச்சு நின்றதும் பழனியைக் கிளப்பிவிட்டார்கள். இருட்டில் கிளம்பி, ஓட்டமும் நடையுமாகப் போய், காலை எட்டு மணிக்கெல்லாம் அடிவாரத்து ஊர் எல்லையில் நின்றார். அவர் போன்றவர்கள் அந்தத் தெருவுக்குள் போகக்கூடாத காலம். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சுற்றிப் போய், வீட்டின் பின்பக்கம் நின்று கூப்பிட்டார். பெண்ணின் அப்பா வந்தார். பழனி தலைத்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, சொல்ல வேண்டியதைச் சொன்னார். எட்டு மணிக்கே சொன்னார்.

கல்யாண வீட்டுக்குச் சாவுச் செய்தி வந்தால், தாலி ஏறும்வரை அமுக்கிவைப்பது நம் பக்கத்தில் எல்லாக் குடும்பங்களிலும் உள்ள வழக்கம். அதில் குற்றம் சொல்ல எதுவும் இல்லை. முகூர்த்தம் ஒன்பதரைக்கு. ஆனால் அந்த வீட்டுக்காரர் தாலியோடு நிறுத்தவில்லை. மாப்பிள்ளை வீட்டார் சாப்பிட்டு எழ வேண்டும், பெண்ணை அனுப்பிவைக்க வேண்டும், அதுவரை மூச்சு விடக்கூடாது என்று முடிவு செய்துவிட்டார்.

பழனியை என்ன செய்வது என்பதுதான் சிக்கல். சேதி சொல்லப் போகிற ஆள் வாயைத் திறக்கவே வேண்டாம். மாமனார் ஊர்ப் பண்ணையாள் வெறுங்கையோடு, புழுதிக்காலோடு நிற்கிறான் என்று யார் பார்த்தாலும் விஷயம் தெரிந்துவிடும். அதனால் அவரை மாட்டுக்கொட்டகையில் உட்காரவைத்து, மகனிடம் இலையும் சோறும் கொடுத்து அனுப்பினார். சேதி கொண்டுவந்தவனுக்குச் சோறு போடுவது முறை. பழனி சாப்பிட்டு எழுந்தார். "எங்கடா எழுந்துக்கற? உக்காரு" என்று அடுத்த இலை வந்தது. மாப்பிள்ளை வீட்டார் பந்தியில் இருந்தபோது மறுபடி எழுந்தார். மூன்றாவது இலை வந்தது.

"வேணாம்னு சொல்லியிருக்கலாமே" என்றார் உமர் பாரூக்.

"பாய், நீங்க கடை வச்சிருக்கறவுரு. ஆண்டை வூட்டுச் சோத்த வேணாம்னு சொல்ற வாயி அன்னிக்கு எங்களுக்கு ஏது? வவுத்துல எடமில்ல. பெரியவரு மொகம் வேற கண்ணு முன்னால நிக்குது, அவுரு எனக்கு நல்லவருதான். துன்னேன். எழுந்தா எல போட்டாங்க, எல போட்டா துன்னேன். மூணாவது எலயப் பாதி துன்னதும் கொட்டாயிக்குப் பின்னால போயி வாந்தி எடுத்தேன். அத எழுதலியே அவுரு?"

மாலையில்தான் பெண்ணின் அம்மாவுக்குச் சொன்னார்கள். வண்டி கட்டி, பஸ் பிடித்து அவள் போய்ச் சேர்ந்தபோது சித்திரை வெயிலில் பிணம் தாங்காது என்று எரித்து முடித்திருந்தார்கள். "காலையில் அனுப்பினோமே, ஏன் வரவில்லை" என்று அந்த ஊர்க்காரர்கள் கேட்டார்கள். அவள் புருஷனைப் பார்த்தாள். புருஷன் பழனியைக் காட்டினார்: "வந்த நாயி சோத்தக் கண்டதும் உக்காந்துடிச்சி. துன்னுட்டுத்தான் வாயத் தொறந்தான்."

அவ்வளவுதான். ஊர் கூடி விசாரித்ததெல்லாம் இல்லை. ஒரு பக்கம் நிலக்காரர், ஒரு பக்கம் பண்ணையாள். பழனியைக் காலில் விழச் சொன்னார்கள், விழுந்தார். "அந்தம்மா மண்ண வாரித் தூத்துனாங்க. அவுங்க மேல எனக்குக் கோவம் இல்ல. அப்பன் மூஞ்சப் பாக்காத பொண்ணு, யாரத் தூத்தறதுன்னு தெரியாமத் தூத்துனாங்க" என்றார் பழனி.

பெயர் ஒட்டிக்கொண்டது. களத்துமேட்டில், டீக்கடையில், பெண் கேட்கப் போன இடத்தில் எல்லாம் சோத்துப் பழனி. ஊரைவிட்டு மலைக்குப் போனார். இரண்டு வருஷம் கடுக்காய் பொறுக்கினார், வெள்ளிமலைக்கு ரோடு போட்டபோது கல் சுமந்தார். அப்புறம் கள்ளக்குறிச்சியில் மூட்டை. இங்கே யாருக்கும் அவர் கதை தெரியாது. குஞ்சம்மாளைக் கல்யாணம் செய்துகொண்டார், அவளிடமும் சொல்லவில்லை. அவர் தன்னிடம் வைத்துக்கொண்டது ஒன்றுதான்: இனி விசேஷ வீட்டில் கை நனைப்பதில்லை.

"இப்ப இன்னா செய்யணும்ன்றீங்க பழனிண்ணே?"

"நான் எட்டு மணிக்கே சொன்னேன்னு நாலு பேரு மத்தியில அவுரு சொல்லணும். அவுங்கப்பா செத்துட்டாரு. அந்தம்மாவும் செத்துட்டாங்க. தெரிஞ்சது அந்தப் புள்ள ஒருத்தருக்குத்தான்."

அந்தப் புள்ளைக்கு ஒரு மாதம் கழித்துக் கள்ளக்குறிச்சியில் பாராட்டுக் கூட்டம் வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை, ஒரு லாட்ஜின் மாடிக் கூடம். நூறு பேர் இருப்பார்கள். வாசகர்கள் ஒவ்வொருவராக எழுந்து எந்த இடத்தில் எப்படிச் சிரித்தோம் என்று சொன்னார்கள். ஒரு வங்கி அதிகாரி ஏப்பச் சத்தத்தை மைக்கில் விட்டுக்காட்டினார். கூடம் அதிர்ந்தது. பழனி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் கை முழங்காலை விட்டு அசையவில்லை.

"வேறு யாராவது கருத்துச் சொல்கிறீர்களா?" என்று கேட்டபோது அவர் எழுந்தார். முன்னால் போனார்.

"நான் பழனிங்க. அந்தப் பொஸ்தகத்துல வர்ற பழனி."

பொன்னுரங்கம் ஒரு கணம் திகைத்தார். பிறகு இரண்டு கையையும் விரித்தார். "அடடே! நம்ம கதாநாயகனே வந்துட்டான்! உயிரோட இருக்கியாப்பா!"

கூட்டம் கைதட்டியது. சிலர் எட்டிப் பார்த்தார்கள். முன்வரிசையில் ஒரு பெண், "ஐயோ, நெஜ ஆளா!" என்று சந்தோஷமாகச் சொன்னது எனக்குக் கேட்டது.

"சின்னய்யா, ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிடறேன். மொத எல கொண்டாந்தது நீங்கதான?"

"நானேதான். புத்தகத்திலேயே எழுதியிருக்கேனே."

"கொண்டாந்து வச்சிட்டு இன்னா சொன்னீங்க?"

"முப்பத்தஞ்சு வருஷம் ஆச்சுப்பா. சாம்பார் போதுமான்னு கேட்டிருப்பேன்."

சிரிப்பு. பழனி அது அடங்கும்வரை காத்திருந்தார்.

"'தாத்தா செத்துட்டாராமே, அழுவக் கூடாதாம், அழுதா அப்பா அடிப்பாராம்'ன்னு சொன்னீங்க. சொல்லிட்டு மாட்டுக் கழுத்தக் கட்டிக்கினு அழுதீங்க. அது மொத எல. நான் சோத்துல கையே வைக்கல. நான் சேதிய சொல்லாம இருந்தா உங்களுக்கு எப்படிங்க தெரிஞ்சிது?"

பொன்னுரங்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கு நினைவு வந்துவிட்டது என்பதை நான் பார்த்தேன். வந்ததை அவர் என்ன செய்யப்போகிறார் என்றுதான் காத்திருந்தேன்.

"இதோ பாருங்க" என்று அவர் கூட்டத்தைப் பார்த்துப் பேசினார், பழனியைப் பார்த்து அல்ல. "நகைச்சுவையை நகைச்சுவையா எடுத்துக்கணும். இதே புத்தகத்துல என்னை நான் எவ்வளவு கேலி பண்ணியிருக்கேன்! கணக்குல முட்டை வாங்கினது, கெணத்துல விழுந்தது, எதை மறைச்சேன்?"

பலர் தலையாட்டினார்கள். தன்னைத் தானே கேலி செய்துகொள்கிறவன் அடக்கமானவன் என்று நாம் சுலபமாக நம்பிவிடுகிறோம். கணக்கில் முட்டை வாங்கிய பையன் பெரிய அதிகாரியாகி, மாலை போட்டுக்கொண்டு மேடையில் உட்கார்ந்திருக்கிறான். அந்த முட்டை அவனுக்கு இன்று நகை. பழனிக்கு அந்த இலைகள் அப்படி ஆகவே இல்லை. ஒருவன் தன் சிறுமையைச் சிரித்துக் கடப்பதற்கு முதலில் கடந்துபோக ஒரு வழி வேண்டும். அந்த வழியை அடைத்துவைத்த வீட்டின் பிள்ளை, இரண்டு சிரிப்பும் ஒன்றுதான் என்கிறார். நாங்கள் நூறு பேர் அதை ஒப்புக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

நான் எழுந்தேன். "அவர் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. அவர் எட்டு மணிக்குச் சொன்னாரா இல்லையா?"

தலைமை வகித்தவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சாப்பாடு தயாரா இருக்கு. மீதியக் கீழ போய்ப் பேசலாமே."

பொன்னுரங்கம் மேடையிலிருந்து இறங்கி வந்து பழனியின் தோளில் கை வைத்தார். "கோவத்த வுடு பழனி. பழைய கத. வா, மொதப் பந்தியில என் பக்கத்துல உக்காரு. நானே எல போடறேன்."

அவர் அன்பாகத்தான் சொன்னார் என்று இன்றும் சிலர் என்னிடம் வாதாடுகிறார்கள். இருக்கலாம். ஆனால் கூடம் முழுவதும் சிரித்தது.

பழனி தோளிலிருந்த கையை எடுத்து விட்டார். "எழுந்தா எல போடறது உங்க வூட்டுப் பழக்கம் சார்" என்றார். அதுவரை சின்னய்யா என்றவர், சார் என்றார். படியிறங்கிப் போய்விட்டார்.

அன்று இரண்டு பேர் சாப்பிடாமல் அவர் பின்னால் இறங்கினோம். உமர் பாரூக் ஒருவர். மறுநாள் கண்ணாடியில் ஒட்டியிருந்த கடிதங்களையெல்லாம் அவர் சுரண்டி எடுத்தார். பசை காய்ந்துபோய் என்னுடைய கடிதம் மட்டும் பாதிதான் வந்தது.

நான் பொன்னுரங்கத்துக்கு இரண்டாவது கடிதம் எழுதினேன். ஆறு பக்கம். அடுப்பு எங்கே இருந்தது, கொட்டகை எங்கே இருந்தது, அவர் எழுதிய புகை எங்கிருந்து வந்தது என்று அவர் வரிகளையே எடுத்துக் காட்டினேன். மறுபதிப்பில் திருத்தி எழுதும்படி கேட்டுக்கொண்டேன். பதில் இல்லை.

1995இல் இரண்டாம் பதிப்பு வந்தது. நல்ல தாள், புதிய அட்டை. கடைசியில் பன்னிரண்டு பக்கத்துக்கு வாசகர் கடிதங்கள். ரத்தக் கொதிப்பு இறங்கிய வாசகி இருக்கிறார். நானும் இருக்கிறேன், அந்த மூன்று வரியோடு. ஆறு பக்கம் இல்லை. முன்னுரையில் ஒரு வாக்கியம்: 'சில வாசகர்களின் மென்மையான மனம் புண்படாதிருக்க ஒரு பெயரை மாற்றியிருக்கிறேன்.' கட்டுரையைத் திருப்பினேன். அதே எட்டுப் பக்கம், அதே ஏப்பம், அதே புகை. தலைப்பு மட்டும் 'சோத்துச் சின்னக்கண்ணு' என்று மாறியிருந்தது.

உமர் பாரூக் அந்தப் பதிப்பை விற்க மறுத்துவிட்டார். நான் ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு மில்லுக்குப் போனேன். பேராவது போய்விட்டதே என்று பழனி கொஞ்சம் ஆறுதல் அடைவார் என்று நினைத்தேன். அப்படி நினைத்த என்னை நான் பிற்பாடு மன்னிக்கவில்லை.

லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பழனி கொக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்று கேட்டார்.

"சின்னக்கண்ணுன்னு போட்டிருக்காரா?"

"ஆமாம்."

அவர் திரும்பி லாரியைப் பார்த்தார். பல்லில்லாத அந்த வயதான சின்னக்கண்ணு, முதலில் சிரிப்பை நிறுத்தியவர், பலகை மேல் ஏறிக்கொண்டிருந்தார்.

"இன்னா சார் நாயம் இது? நான் துன்ன எலய அந்தாளு தலையில போடறாரே! நாளைக்கு அவன எவனாவது இலை போடட்டுமான்னு கேட்டா, அவன் எங்க சார் போவான்? அவன் தியாகதுருகமே பாத்தது கெடையாது."

நான் புத்தகத்தை மூடினேன்.

"பேர மாத்தச் சொல்லி எவன் கேட்டான்? என் பேரயே போடச் சொல்லுங்க. நடந்தத எழுதி, என் பேரயே போடச் சொல்லுங்க."

பொன்னுரங்கம் போடமாட்டார். அதனால் நான் எழுதுகிறேன். 1958ஆம் வருஷம் சித்திரை மாதம், பழனி என்பவர் தியாகதுருகம் பக்கத்திலிருந்து நடந்தே போய், காலை எட்டு மணிக்கு, சொல்ல வேண்டியவரிடம் சாவுச் செய்தியைச் சொன்னார். அதற்குப் பிறகுதான் அவருக்குச் சோறு போட்டார்கள்.